சூம்பிய மணிமேல் ஒரு பித்து

மக்காச்சோளத்தில் எது அழகு என்று யாராவது என்னைக் கேட்டால், பொன்னிறத்தில் பளபளவென்று வரிசைகட்டி நிற்கும் கொழுத்த மணியைக் காட்ட மாட்டேன். காய்ந்து, ஒடுங்கி, இரு பக்கமும் குழி விழுந்து கிடக்கும் சூம்பிய மணியைத்தான் எடுத்துக் கையில் வைப்பேன். சந்தையில் அதைக் கழித்துப் போடுவார்கள். மாவு மில்லுக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்கள். ஆனால் ஒரு செடி சர்க்கரையை எப்படி மாவாக்குகிறது என்பதை உலகத்துக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தது இந்தச் சூம்பல்தான்! கொல்லிமலை குண்டனி நாட்டில், வாடகை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில், அதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து ஆசிரியர் அறையிலும் டீக்கடையிலும் யார் சிக்கினாலும் எனக்கு இதே பேச்சு. இப்போது நீங்கள் சிக்கியிருக்கிறீர்கள்.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவர்களுக்குத் தெரியும், மேலே மலை முழுக்க நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும். வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, எங்கள் குண்டனி நாடு. எங்கு பார்த்தாலும் மரவள்ளி. நடுநடுவே மிளகு, காபி, பலா. சாமையும் தினையும் கேழ்வரகும் அங்கங்கே, முன்பு போல் இல்லை. மக்காச்சோளம் இங்கே பெரிய வெள்ளாமை கிடையாது. வேலியோரம் கோழிக்காகவும் பிள்ளைகள் சுட்டுத் தின்னவும் கொஞ்சம் போடுவார்கள், அவ்வளவுதான்.

நாமக்கல்லில் ஒரு விதைக்கடையில் ஸ்வீட் கார்ன் விதை வாங்கி வந்தேன். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் அத்தனையும் சுருங்கிய விதை. பக்கத்துக் காட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, காசு குடுத்துச் சூம்புனத வாங்கியாந்திருக்கீங்க? நம்மகிட்டக் கேட்டிருந்தா நல்ல விதையா அள்ளிக் குடுத்திருப்பேனே" என்றார். அவர் கையில் இருந்த நாட்டு மக்காச்சோளம் ஒவ்வொன்றும் கெட்டியாக, கனமாக இருந்தது. ஐயா, இது அப்படித்தான் இருக்கும், சூம்பியிருப்பதால்தான் இனிக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. நானும் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேனே தவிர, அதுவரை பார்த்ததில்லை.

முளைப்பு சுமாராகத்தான் வந்தது. சில குழிகள் வெறுமையாகவே கிடந்தன. விதைக்குள் மாவு குறைவு, அதனால் முளைக்கு உண்ண இருப்பது குறைவு. குளிர்ந்த மண்ணில் அது இன்னும் தடுமாறும். வந்த செடிகள் மட்டும் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தன. அதே சமயம் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவருடைய சோளமும் பூத்து நின்றது. மலைக்காற்று சும்மா இருக்குமா?

கதிர்களில் சிலவற்றைப் பறிக்காமல் செடியிலேயே காய விட்டேன். மட்டையை உரித்தபோது நான் போட்ட கூச்சலுக்குப் பெரியவர் வீட்டு நாய் குரைத்தது. சூம்பிய மணிகளின் நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொழுத்த மணிகள்! ஒரே கதிர், ஒரே தாய், ஒரே வெயில், ஒரே உரம். ஆனாலும் ஒரு மணி உருண்டு திரண்டிருக்கிறது, ஒட்டி நிற்கும் மணி ஒடுங்கிக் கிடக்கிறது. உருண்ட மணிக்கு மகரந்தம் வேலி தாண்டி வந்திருக்கிறது. அப்பன் யார் என்பதை மணியே வெளியில் காட்டிக்கொண்டு நிற்கிறது.

இதில்தான் மக்காச்சோளத்துக்கு ஈடு இணை கிடையாது என்பேன். மாம்பழத்தில் நாம் தின்னும் சதை முழுக்கத் தாயுடையது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் சதை மாறாது. சோளமணியில் நாம் தின்னும் பகுதி, பிளஸ் டூ புத்தகத்தில் கருவூண் என்று படிக்கிறோமே, அது பிள்ளைத் தலைமுறையைச் சேர்ந்தது. தாயிடமிருந்து இரண்டு பங்கு, தந்தையிடமிருந்து ஒரு பங்கு. ஆகவே கதிரில் இருக்கும் நானூறு ஐந்நூறு மணியும் நானூறு ஐந்நூறு தனித்தனிப் பிள்ளைகள். கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகிறது. ஒவ்வொரு நூலிலும் ஒரு மகரந்தத் துகள் இறங்கி ஒரு பிள்ளையை உண்டாக்குகிறது. மனிதரில் ஐந்நூறு பிள்ளைகளை வைத்து மரபியல் பார்க்க வேண்டுமானால் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டும்! இங்கே ஒரு கதிரை உரித்தால் போதும்.

அந்தக் கொழுத்த மணிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, சுற்றுவட்டாரத்தில் வேறு சோளம் பூக்காத காலமாகப் பார்த்து விதைத்தேன். இளங்கதிர் பட்டு நீட்டுவதற்கு முன்பே காகித உறை மாட்டினேன். பிறகு அதே செடியின் தலைப் பூவைத் தட்டி மகரந்தத்தை எடுத்துப் பட்டில் உதறி, மறுபடி உறை. பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேர் ஆளுக்கொரு கதிரைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். காய்ந்தபின் உரித்தோம். மூன்று உருண்டை, ஒரு சூம்பல். மூன்று உருண்டை, ஒரு சூம்பல். வரிசைக்கு வரிசை அப்படியே அடுக்கி வைத்ததாக இல்லை, கலைந்துதான் கிடந்தது. ஆனால் முழுக் கதிரையும் எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ நாலில் ஒன்று சூம்பியிருந்தது. கரும்பலகையில் எத்தனை முறை கட்டம் போட்டு விளக்கியிருப்பேன்! கட்டம் போட்டபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், கதிரைக் கையில் வாங்கியதும் ஆளுக்கொரு வரிசையாக எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி உள்ளே போவோம். உள்ளே போகாமல் இதன் ருசி தெரியாது.

இலையில் வெயிலில் தயாராகும் சர்க்கரை, சுக்ரோஸாகத் தண்டு வழியே இறங்கிக் கதிருக்கு வந்து, மணியின் அடிக்காம்பு வழியாக உள்ளே நுழைகிறது. மகரந்தம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆனதும் மாவு கட்டத் தொடங்குகிறது. மணி முற்றியபின் எடை போட்டால் பத்தில் ஏழு பங்கு மாவுச்சத்து. முற்றியதும் அடிக்காம்பில் ஒரு கருப்புப் படலம் விழுந்து வாசல் அடைபடுகிறது. முற்றிய மணியின் நுனியை நகத்தால் கிள்ளினால் அந்தக் கருப்பை நீங்களே பார்க்கலாம். சர்க்கரை நுழைவதற்கும் மாவு கட்டுவதற்கும் நடுவே பல நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. எந்த நொதி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள நல்ல வழி, அந்த ஒன்று மட்டும் வேலை செய்யாத செடியைக் கண்டுபிடிப்பது. எங்கள் பக்கத்து ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளில் எந்த மெஷின் நின்றுபோனது என்பதை, சரக்கு எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார்களே, அதே கணக்கு. அப்படி ஒவ்வொரு இடத்தில் நின்றுபோன மணிகள்தான் சடுதிமாற்ற மணிகள். பெரும்பாலும் உழவர்கள் கழித்துப் போட்டவை. ஆய்வாளர்கள் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்துப் பெயர் வைத்தவை.

அந்தப் பெயர்களைக் கேளுங்கள். ஷ்ரங்கன், பிரிட்டில், வேக்ஸி, சுகரி, டல், மினியேச்சர். சூம்பல், நொறுங்கல், மெழுகு, சர்க்கரை, மங்கல், குட்டி. எந்த நொதி என்று தெரிவதற்கு முன்பே, கண்ணால் பார்த்ததை அப்படியே சொன்ன பெயர்கள். எனக்கு இதுவே ஒரு சந்தோஷம்.

வாசலிலேயே ஆரம்பிப்போம். மணியின் அடியில், தாயிடமிருந்து சர்க்கரை இறங்கும் இடத்தில், சுக்ரோஸை உடைக்கும் ஒரு நொதி செல்சுவரில் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் மணிக்குச் சாறு இழுக்கும் வலு இருக்காது. வழக்கமான எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். அதுதான் மினியேச்சர். பிரேம் சௌரே என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990-களில் புளோரிடாவில் இதைத் தெளிவாக்கினார்கள். அதே சௌரே 1976-ல் ஆலிவர் நெல்சனோடு சேர்ந்து இன்னொன்றையும் காட்டியிருந்தார். உச்சி இடிந்து உள்ளே விழுந்தாற்போல் இருக்கும் ஷ்ரங்கன்-1 மணியில், உள்ளே வந்த சுக்ரோஸைப் பிரித்து மாவுக்கான சரக்காக மாற்றும் சுக்ரோஸ் சிந்தேஸ் என்ற நொதி இல்லை என்பதுதான் அது.

ஆலிவர் நெல்சன்! இந்த மனிதர்மேல் எனக்குள்ள மரியாதையைச் சொல்லி மாளாது. மக்காச்சோள மரபியலை வேதியியலோடு கட்டிப்போட்டவர் அவர்தான். லைசின் என்ற அமினோ அமிலம் மிகுந்த ஓபேக்-2 மக்காச்சோளத்தை 1964-ல் உலகுக்கு அறிவித்த குழுவிலும் அவர் இருந்தார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் அவரும் ட்சாய் என்ற ஆய்வாளரும் 1966-ல் கண்டதுதான் என் தோட்டத்துக் கதிரின் ரகசியம். ஷ்ரங்கன்-2 மணியில் ஏடிபி-குளுக்கோஸ் பைரோபாஸ்பாரிலேஸ் என்ற நொதி வேலை செய்யவில்லை! பெயர் வாய்க்குள் நுழையாது, பரவாயில்லை. வேலை எளிது. குளுக்கோஸில் ஏடிபி என்ற கொக்கியை மாட்டிவிடுவது. அந்தக் கொக்கி மாட்டிய குளுக்கோஸைத்தான் மாவுச் சங்கிலியில் கோர்க்க முடியும். கொக்கி மாட்ட ஆள் இல்லையென்றால் குளுக்கோஸ் கோர்க்கப்படாமல் நிற்கிறது. வந்த சர்க்கரை வந்தபடியே தேங்குகிறது. மாவு வழக்கத்தில் கால் பங்குதான் கட்டுகிறது.

தேங்கிய அந்தச் சர்க்கரைதான் நாம் தியேட்டரில் டம்ளரில் வாங்கித் தின்னும் இனிப்பு. காயும்போது தண்ணீர் வெளியேறிவிடுகிறது, உள்ளே தாங்கிப் பிடிக்க மாவு இல்லை, மணி ஒடுங்குகிறது. இனிப்பும் சூம்பலும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்! இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாஃப்னன் என்பவர் மணியின் நிறத்துக்கான மரபணு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதை ஒட்டிய வீட்டில் குடியிருப்பது ஷ்ரங்கன்-2. இந்த மணியில் சர்க்கரை எக்கச்சக்கம், காய்கறிச் சோளமாக்கலாம் என்று 1953-லேயே எழுதிவைத்தார். இன்று கடைகளில் கிடைக்கும் மிகு இனிப்பு ரகங்களில் பெரும்பகுதி அவர் கைகாட்டிய மரபணுவைச் சுமந்து நிற்பவைதான்.

கொக்கி மாட்டும் அந்த நொதி இரண்டு விதத் துண்டுகள் சேர்ந்தது. பெரிய துண்டை ஷ்ரங்கன்-2 செய்கிறது, சின்னதை பிரிட்டில்-2. எது போனாலும் முடிவு ஒன்றுதான். இதில் புல் குடும்பத்துக்கே உரிய ஒரு வினோதம் உண்டு. மற்றச் செடிகளில் கொக்கி மாட்டும் வேலை, மாவு கட்டும் அமைலோபிளாஸ்ட் என்ற அறைக்குள்ளேயே நடக்கிறது. தானியங்களின் கருவூணில் மட்டும் பெரும்பாலும் அறைக்கு வெளியே நடக்கிறது. அப்படியானால் கொக்கி மாட்டிய சரக்கை உள்ளே கொண்டுபோக ஒரு கதவு வேண்டுமே? இருக்கிறது. அந்தக் கதவு பழுதானால் பிரிட்டில்-1. வெளியே சரக்கு குவிந்து கிடக்க, உள்ளே மாவில்லாமல் மணி நொறுங்கும். யாரோ எப்போதோ கழித்துப்போட்ட இரண்டு நொறுங்கல் மணிகளில், ஒன்று மெஷினையும் மற்றொன்று கதவையும் காட்டிக்கொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சத்தியமாக.

உள்ளே போன பிறகு சங்கிலி கோர்க்கும் வேலை. நீளமாகப் போகும் சங்கிலி அமைலோஸ், கிளை கிளையாகப் பிரிவது அமைலோபெக்டின். சாதாரண மக்காச்சோளத்தில் முன்னது கால், பின்னது முக்கால். கிளை போடும் நொதி ஒன்று போனால் நீளச் சங்கிலி மிகும், அது அமைலோஸ் எக்ஸ்டெண்டர். தாறுமாறாகப் போட்ட கிளைகளைக் கழித்து ஒழுங்குபடுத்தும் நொதி போனால் சுகரி-1. மாவு மணியாகப் படியாமல் தண்ணீரில் கரையும் கிளைக்கூட்டமாகவே நின்றுவிடும். பழங்கால இனிப்புச் சோளம் அதுதான். கட்டுவதற்கு வெட்டவும் வேண்டும் என்பது 1995-ல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகுதான் துலங்கியது. கோர்க்கும் நொதிகளில் ஒன்று போனால் டல்-1. இவற்றையெல்லாம் விரித்தால் இதழாசிரியர் கத்தரி போட்டுவிடுவார்.

ஆனால் வேக்ஸியை விட மாட்டேன். வேக்ஸிக்காகத்தான் இந்தக் கட்டுரையே!

1908-ல் சீனாவிலிருந்து ஃபார்னம் என்ற பாதிரியார் அமெரிக்காவுக்கு அனுப்பிய மக்காச்சோள விதையில் வெட்டுமுகம் மெழுகு பூசினாற்போல் இருந்தது. அடுத்த ஆண்டு காலின்ஸ் என்பவர் அதைப் பற்றி எழுதினார். அதில் அமைலோஸே கிடையாது, அத்தனையும் அமைலோபெக்டின். அமைலோஸ் கட்டும் நொதி இல்லை என்று 1962-ல் நெல்சனும் ரைன்ஸும் காட்டினார்கள். நம் நாட்டில் மிசோரம் முதலான வடகிழக்கு மலைகளில் இப்படி ஒட்டும் சோளம் நாட்டு ரகமாகவே விளைகிறது. ஒட்டும் அரிசியும் இதே மரபணுவின் பிழைதான்.

அயோடின் சொட்டு ஒன்று விட்டால் போதும், இவை பிரிந்துவிடும். அமைலோஸ் உள்ள மாவு கருநீலம். அமைலோபெக்டின் மட்டும் உள்ள மாவு செம்பழுப்பு. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கலக்கி நான் எதன்மேல்தான் விடவில்லை! மரவள்ளி வில்லை, சாமைச் சோறு, வாழைக்காய், பெரியவரின் நாட்டுச்சோளத்தைக் குறுக்கே வெட்டிய முகம், எல்லாம் கருநீலம். சூம்பிய மணியின் வெட்டுமுகம் மட்டும் திட்டுத்திட்டாக, தயங்கித் தயங்கி நிறம் காட்டியது. பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் நாட்டுச்சோள மகரந்தத்தையும் வைத்துப் பார்த்தோம். மகரந்தத்துக்குள்ளும் மாவு உண்டு. அத்தனை துகளும் கருநீல உருண்டைகளாக மின்னின. பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள், சமையல்கார அம்மாவும் வந்து பார்த்தார்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு நெஞ்சு விம்மும் இடம். வேக்ஸி மரபணுவை ஒரு பக்கமும் சாதா மரபணுவை மறுபக்கமும் சுமக்கும் கலப்புச் செடியின் மகரந்தத்தில் அயோடினை விட்டால், பாதித் துகள் கருநீலம், பாதித் துகள் செம்பழுப்பு. சரிபாதி! இதை முதலில் பார்த்து எழுதியது எங்கே தெரியுமா? நம் கோயம்புத்தூரில்! 1912-ல் தொடங்கிய நெல் இனவிருத்தி நிலையத்தில் பணிபுரிந்த தாவரவியலாளர் எஃப். ஆர். பார்னெல், ஒட்டும் நெல்லையும் சாதா நெல்லையும் கலந்து, கலப்புச் செடியின் மகரந்தத்தில் அயோடினை விட்டுப் பார்த்தார். 1921-ல் ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ் இதழில் சில பக்கக் குறிப்பாக அதை எழுதினார். அமெரிக்காவில் இதே சங்கதியை மக்காச்சோளத்தில் எழுதியது 1924-ல்தான்.

இதன் அருமை என்ன என்று கேட்கிறீர்களா? என் தோட்டத்துக் கதிரில் நான் எண்ணிய மூன்றுக்கு ஒன்று, இணை சேர்ந்தபின் தெரியும் விளைவு. மரபணுக்கள் பிரிந்திருக்க வேண்டும் என்று அதை வைத்து ஊகிக்கலாம், பிரிவதைப் பார்க்க முடியாது. பார்னெல் பார்த்தது பிரிவையே. இணை சேர்வதற்கு முன்பு, ஒவ்வொரு துகளிலும் ஒரே ஒரு பங்கு இருக்கும் நிலையில், மெண்டல் மனக்கணக்காகச் சொன்னதைக் கண்ணாடிச் சில்லில் இரண்டு நிறமாகப் பார்த்தார். அவரோடு நெல்லின் மரபியலை எழுதியவர்கள் ஜி. என். ரங்கசாமி அய்யங்காரும் கே. ராமையாவும். ரங்கசாமி அய்யங்கார் பின்னாளில் கோவையில் சிறுதானிய ஆய்வுக்கே தலைமை தாங்கினார், ராமையா கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். நம் பாடப்புத்தகத்தில் பட்டாணி வருகிறது, பழ ஈ வருகிறது. மலையிறங்கினால் ஒரே நாளில் போய் வரக்கூடிய கோயம்புத்தூரில் நடந்தது ஒரு வரிகூட வருவதில்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம். என் வகுப்பில் மட்டும் வந்தே தீரும்.

மெண்டல் பார்த்த சுருங்கிய பட்டாணியும் மாவு கட்டுவதில் வந்த குறைதான் என்பது 1990-ல் தெரிந்தது. கிளை போடும் நொதியின் மரபணுவுக்குள் ஒரு தாவும் துண்டு புகுந்து உட்கார்ந்திருந்தது. அந்தத் தாவும் துண்டுகளை முதலில் கண்டுபிடித்த பார்பரா மெக்ளின்டாக், மக்காச்சோள மணியில்தான் கண்டுபிடித்தார் என்பதும், அவர் கண்வைத்திருந்த மரபணுக்களில் ஷ்ரங்கன்-1, வேக்ஸி இரண்டும் உண்டு என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். 1983-ல் நோபல்.

சரி, குண்டனி நாட்டில் மரவள்ளிக்கு நடுவே உட்கார்ந்து சோளத்தைப் பற்றி இவ்வளவு பேசலாமா? பேசலாம், ஏனென்றால் இரண்டும் சம்பந்திகள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு மரவள்ளி மாவு வருவது நின்றது. பசைக்கும் உணவுப்பொருளுக்கும் அந்த வழுவழுப்பான மாவு வேண்டும். சாதாச் சோள மாவு ஆறினால் கெட்டிப்பட்டு விறைக்கும், அமைலோஸ் செய்யும் வேலை அது. அப்போதுதான் ஆய்வகத்தில் வேடிக்கைப் பொருளாகக் கிடந்த வேக்ஸி மக்காச்சோளம் நினைவுக்கு வந்தது. 1942-ல் அயோவாவில் அதை வணிகத்துக்காக விளைவித்து மாவெடுத்தார்கள். அதே போர் இங்கே என்ன செய்தது? வெளிநாட்டு ஜவ்வரிசி நம் துறைமுகங்களுக்கு வராமல் போனது. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார் என்பது அந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் சொல்லும் வரலாறு. ஒரே தட்டுப்பாடு, அங்கே ஒரு சடுதிமாற்றச் சோளத்துக்கு வாழ்வு கொடுத்தது, இங்கே ஒரு மாவட்டத்துக்கே தொழில் கொடுத்தது.

அந்தத் தொழிலின் பசிதான் மலையேறி இங்கே வந்து, சாமையும் தினையும் நின்ற காட்டையெல்லாம் மரவள்ளியாக மாற்றியது. பெருஞ்சாமை, திருகுலாசாமை, மல்லியசாமை, செந்தினை, மூக்கந்தினை என்று இந்த மலையில் எத்தனை நாட்டு ரகம்! எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே இவற்றைக் காப்பாற்றப் பாடுபட்டு வருகிறது. பணம் மரவள்ளியில் இருக்கும்போது யாரைக் குறை சொல்வது? இருந்தாலும் எனக்கு ஒரு நப்பாசை. அந்தச் சாமைகளுக்குள் எத்தனை விதமான மாவு ஒளிந்திருக்கிறதோ, ஒவ்வொன்றிலும் அயோடினை விட்டுப் பார்க்க வேண்டும்.

மரவள்ளியிலும் வேக்ஸி இருக்கிறது. கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையத்தில், மரவள்ளியைத் தன்மகரந்தம் சேர்த்து வந்த கன்றுகளின் கிழங்கில் அயோடினை விட்டுக்கொண்டே போனார்கள். ஒரு கிழங்கு செம்பழுப்பாக வந்தது, 2007-ல் அறிவித்தார்கள். கோவையில் நெல்லுக்கு விட்ட அதே சொட்டு!

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் பெரியவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். மாவு என்றால் அவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. கிழங்கு லோடு ஏற்றும்போது ஆலைக்காரர் மாவுச்சத்தை அளந்து பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை போடுவார், ஒரு பாயிண்ட் குறைந்தால் எவ்வளவு பணம் போகும் என்பதை அவர் விரல்விட்டுச் சொல்வார். "எல்லாம் சரிங்க வாத்தியாரே. ஒடஞ்சா என்னாகும்னு இத்தன பேரு பாத்திருக்காங்க. ஒடஞ்சது ஒண்ணாச்சும் முன்னவிட நல்லா ஆனது உண்டுங்களா?" என்றார்.

எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. ஏனென்றால் உண்டு! புளோரிடா பல்கலைக்கழகத்தில் கர்ட்டிஸ் ஹன்னா குழுவினர் ஒரு ஷ்ரங்கன்-2 சோளத்தை வைத்திருந்தார்கள். மெக்ளின்டாக்கின் தாவும் துண்டு ஒன்று மரபணுவுக்குள் புகுந்து கெடுத்த மணி அது. தாவும் துண்டு சில சமயம் தானாகவே வெளியேறும். வெளியேறும்போது சுத்தமாகப் போகாது, சில எழுத்துகளை விட்டுவிட்டுப் போகும். அப்படி விட்டுப்போன வடுக்களில் ஒன்றில் ஆறு எழுத்துகள் கூடுதலாக நின்றன. நொதியில் இரண்டு அமினோ அமிலம் அதிகம். அந்த மணி சூம்பவில்லை, பழையபடி சாதா மணியாகவும் நிற்கவில்லை. சாதா மணியைவிட 11 முதல் 18 சதவீதம் எடை கூடியது! 1996-ல் வெளியிட்டார்கள். கொக்கி மாட்டும் அந்த நொதிக்குச் செல்லுக்குள்ளேயே கடிவாளம் உண்டு, பாஸ்பேட் சேர்ந்தால் வேகம் குறையும். வடு விழுந்த நொதி அந்தக் கடிவாளத்துக்கு அவ்வளவாக அடங்கவில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த விதை கெடைக்குமுங்களா?" என்றார். ஐயா, அது ஆய்வகத்துச் சரக்கு, மணி கனத்தால் காட்டில் விளைச்சலும் அதே அளவுக்குக் கூடிவிடும் என்று சொல்லவும் முடியாது, மழையும் வெயிலும் வேரும் ஒத்துவர வேண்டும் என்றேன். "அது எங்களுக்குத் தெரியாதுங்களா" என்று சிரித்தார்.

ஆனாலும் ஆள் விழுந்துவிட்டார் என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது. இந்தப் பட்டத்தில் சூம்பிய மணிச் செடிக்குக் கலப்புச் செடியின் மகரந்தத்தைப் போடப் போகிறேன், பாதிக்குப் பாதி வர வேண்டும், உங்கள் சோளம் அதே சமயம் பூத்தால் கணக்கு கெட்டுவிடும் என்று கேட்டுக்கொண்டேன். "நாங்க ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்கறமுங்க. ஆனா உரிக்கையில என்னையும் கூப்பிடோணும். போன தடவ உங்க பசங்க வேகவேகமா எண்ணுனாங்க, எனக்கென்னமோ நம்பிக்கையில்ல. இந்தத் தடவ மணிய நான் எண்ணறேன்."